தோட்டத்து வீட்டிலிருந்து தாமானுக்கு: வீடு மாறும் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து தாமானில் (நகர்ப்புறக் குடியிருப்பில்) வாடகை வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம். சொந்த வீடு வாங்கிப் போகிறவர்களுக்கு லோரி, தெனாகா (மின்சார நிறுவனம்), பள்ளி பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும். லோரிக் கூலி, ஆள்கூலி போன்றவற்றுக்குக் கீழே தந்திருக்கும் தொகைகள் கணக்கு எப்படி ஓடும் என்று காட்ட வைத்தவை. உங்கள் ஊர் விலையை விசாரித்து அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

லோரிக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வைத்திருக்கிறோம். போதுமா?

லோரிக்குப் போதலாம், வீடு மாறப் போதாது. தோட்டத்து வீட்டில் வாடகை கிடையாது, டெபாசிட் கிடையாது. தண்ணீர், மின்சாரம் பல தோட்டங்களில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் வீடு மாறுவது என்றாலே லோரிச் செலவுதான் மனத்தில் வருகிறது. உண்மையில் பெரிய தொகை, சாமானை ஏற்றுவதற்கு முன்பே கையை விட்டுப் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு. சுங்கை சிப்புட்டிலிருந்து கிள்ளானுக்கு, ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மூன்று அறை வீடு, மாத வாடகை 900 வெள்ளி, பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர். வீட்டுக்காரர் கையில் 3,150. ஒப்பந்தம் எழுத 150, முத்திரை வரி 54. மூன்று டன் லோரி, இரண்டு ஆள், டோல் எல்லாம் சேர்த்து 1,200. டேப், கயிறு, பெட்டிக்கு 80. கேஸ் தோங்குக்கு (சிலிண்டருக்கு) 120. வயர்மேன் கூலி 200. பூட்டு, குழாய், பல்பு என்று கடைக்கு ஓடும் செலவு 150. பள்ளிக்கு 250, பால் காய்ச்ச 100. கூட்டினால் 5,454. எதிர்பாராததற்கு 550 சேர்த்தால் 6,004. புது இடத்தில் முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, பெட்ரோலுக்குக் குறைந்தது 1,000. ஆக 7,004 வெள்ளி.

இதில் லோரி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்த மொத்தம் நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். கணவன் மனைவி இருவரும் வேலை செய்து மாதம் 600 ஒதுக்கினால் ஓர் ஆண்டு பிடிக்கும். ஆகவே வீட்டைத் தேடுவதற்கு முன் கணக்கைப் போடுங்கள். வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகு போடும் கணக்கு எப்போதும் ஆசைக்குத் தகுந்தாற்போல் வளைந்து கொடுக்கும்.

வீட்டுக்காரர் மூன்றரை மாத வாடகை கேட்கிறார். சரிதானா?

நாடு முழுவதும் வழக்கமாகக் கேட்பது அதுதான். இரண்டு மாதம் வீட்டு டெபாசிட், அரை மாதம் தண்ணீர்–மின்சார டெபாசிட், முதல் மாத வாடகை முன்பணம். 900 வெள்ளி வாடகைக்கு 1,800, 450, 900. இது வழக்கமே தவிர சட்டம் போட்ட அளவு அல்ல. வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் நடப்பில் இல்லை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். எனவே பேரம் பேசலாம். நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இரண்டு மாத டெபாசிட்டை ஒன்றரையாகக் குறைத்துத் தருபவர்கள் உண்டு. வாடகையில் 50 வெள்ளி குறைப்பதைவிட, டெபாசிட்டை இரண்டு தவணையாகக் கட்ட ஒத்துக்கொள்ள வைப்பது சில குடும்பங்களுக்குக் கூடுதல் உதவி.

வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் புக்கிங் பணம் தனிச் செலவாகிவிடக்கூடாது. அது முதல் மாத வாடகையில் கழியும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ‘கழிச்சுக்கலாம்’ என்ற வாய்ப்பேச்சு சாவி வாங்கும் நாளில் மறந்துபோகும்.

முத்திரை வரி எவ்வளவு? நாமே கட்ட முடியுமா?

முடியும். வருமான வரி வாரியத்தின் இணைய முத்திரைத் தளத்தில் கட்டலாம். முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு வரி விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது கிடையாது. இப்போது ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. மிச்சம் வரும் தொகையையும் முழு 250 ஆகவே கணக்கிட வேண்டும்.

900 வெள்ளி வாடகை என்றால் ஆண்டுக்கு 10,800. அதை 250ஆல் வகுத்தால் 43.2, அதாவது 44. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 44 வெள்ளி, ஈராண்டுக்கு 132. நகல் ஒவ்வொன்றுக்கும் 10 வெள்ளி. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் தாமதமானால் 50 வெள்ளி அல்லது வரியில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது தண்டம். 44 வெள்ளி வரிக்கு 50 வெள்ளி தண்டம் கட்டுவது வேண்டாத வேலை.

சிலர் முத்திரையே வேண்டாம் என்று விடுவார்கள். பிறகு டெபாசிட் தகராறு நீதிமன்றம் வரை போனால், முத்திரையில்லாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கமாட்டார்கள். 1,800 வெள்ளியைக் காக்கும் காகிதம் அது.

தெனாகாவுக்கும் டெபாசிட், வீட்டுக்காரருக்கும் டெபாசிட்டா?

இரண்டில் ஒன்றுதான் கட்ட வேண்டும். பலர் ஏமாறும் இடம் இது. மின்சாரக் கணக்கு வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்தால், நீங்கள் பில் கட்டாமல் போய்விடுவீர்களோ என்பதற்காக அவர் அரை மாத டெபாசிட் வாங்குகிறார். அது நியாயம். கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றினால் நீங்கள் தெனாகாவிடமே டெபாசிட் கட்டுகிறீர்கள். ஏறத்தாழ இரண்டு மாத பில் அளவு கேட்பார்கள், பத்து வெள்ளி முத்திரையும் உண்டு. அப்போது வீட்டுக்காரரிடம் மின்சாரத்துக்கு மறுபடி கட்ட வேண்டியதில்லை. தண்ணீருக்கும் இதே கதைதான். பேராக்கில் லெம்பாகா ஆயேர் பேராக், சிலாங்கூரில் ஆயேர் சிலாங்கூர் என்று மாநிலத்துக்கு மாநிலம் நிறுவனம் மாறும், டெபாசிட் தொகையும் மாறும்.

பெயர் மாற்றுவதற்கு முன் அந்த வீட்டில் பழைய பாக்கி இருக்கிறதா என்று கடைசி பில்லைக் கேட்டுப் பாருங்கள். சாவி வாங்கும் நாளன்று மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். முன்பிருந்தவர் ஓட்டிய ஏர்கானுக்கு நீங்கள் காசு கட்டாமல் இருக்க அது போதும்.

ஒரு டன் லோரியா, மூன்று டன் லோரியா?

ஒரு டன் லோரியின் தட்டு சுமார் பத்தடி நீளம், மூன்று டன் சுமார் பதினான்கு அடியும் அதற்கு மேலும். இரண்டு கட்டில், ஓர் அலமாரி, ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், இருபது பெட்டி என்றால் ஒரு டன்னில் அடுக்கிவிடலாம். சோபா செட், சாப்பாட்டு மேசை, மூன்று அறைச் சாமான் என்றால் மூன்று டன். ஊருக்குள்ளேயே, தோட்டத்திலிருந்து பக்கத்துத் தாமானுக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு டன் லோரியை இரண்டு நடை விடுவது பெரும்பாலும் மலிவு. கிள்ளான் தூரத்துக்கு இரண்டாவது நடை என்ற பேச்சே இல்லை. இடம் போதாமல் வாசலில் நிற்கும் அலமாரியை அங்கேயே விட்டுப் போக வேண்டியதுதான்.

விலை கேட்கும்போது ‘சுங்கை சிப்புட்டிலிருந்து கிள்ளானுக்கு எவ்வளவு’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வோர் அறையையும் படமெடுத்து அனுப்பி, இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஏற்றி இறக்க ஆள் சேர்த்தா, எத்தனை பேர்? டோல் யார் கட்டுவது? மாடி என்றால் மாடிக்கு எவ்வளவு கூடுதல்? கட்டிலைக் கழற்றி மாட்டுவது கூலியில் சேர்ந்ததா? சாவி வரத் தாமதமானால் மணிக்கு எவ்வளவு? டோல் சின்ன விஷயமல்ல. இரண்டு அச்சும் ஆறு டயரும் உள்ள லோரி இரண்டாம் வகுப்பு, காரைவிடக் கூடுதல் கட்டணம். திரும்பி வரும் டோலையும் சிலர் உங்கள் தலையில் வைப்பார்கள். விலையை முடித்த பிறகு மொத்தத்தையும் எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் சிறிதாக இருக்கட்டும், பெரும்பகுதி சாமான் இறங்கிய பிறகு.

தோட்டத்து உட்சாலையையும் சொல்லிவிடுங்கள். மழை நாளில் செம்மண் பாதையில் லோரி லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்வரை வராது. மெயின் ரோட்டில் நிறுத்தி அரை மைல் சுமக்க நேர்ந்தால் ஆள்கூலி இரட்டிப்பாகும்.

தோட்டத்துச் செம்பனைப் பழ லோரி ஓசியில் கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கலாம். ஆனால் சொந்தச் சரக்கு ஏற்ற உரிமம் வாங்கிய லோரி அடுத்தவர் சாமானைக் கூலிக்கு ஏற்றக்கூடாது, அதற்குத் தனி வகை உரிமம் வேண்டும். வழியில் பிடிபட்டால் ஓட்டுநருக்குத் தொல்லை, விபத்தானால் உங்கள் சாமானுக்கு ஈடு கேட்க ஆள் இல்லை. இதெல்லாம் போக, பழத்தின் எண்ணெய்ப் பிசுக்கு மெத்தையில் ஒட்டினால் எந்தச் சோப்புக்கும் போகாது.

எதை ஏற்றுவது, எதை விட்டுவிடுவது?

செலவைக் குறைக்கும் பெரிய முடிவு இதுதான். பேரத்தில் ஐம்பது வெள்ளி குறையும். மூன்று டன்னிலிருந்து ஒரு டன்னுக்கு இறங்கினால் பல நூறு குறையும்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரிகளை ஒருமுறை கழற்றினால் திருகாணி துளை தளர்ந்துவிடும், மறுபடி மாட்டினால் கதவு தொங்கும். பத்தாண்டு ஓடியதாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். மரக் கட்டிலைத் தட்டிப் பாருங்கள். வெறுங்கூடு போல ஓசை வந்தாலோ காலடியில் மண் கோடு இருந்தாலோ கரையான். அதைப் புது வீட்டுக்குக் கொண்டுபோனால் டெபாசிட் கரையும். ஆட்டுக்கல், அம்மி, இரும்பு மேசை போன்றவை கனம்தான், ஆனால் இடத்தை அடைக்காது. லோரித் தட்டின் அடியில், முன்பக்கமாக வைத்தால் கூடுதல் செலவு இல்லை. பாட்டி காலத்து அம்மியை விட்டுவிட்டுப் போக யாரும் சொல்லமாட்டார்கள்.

கோழிகளை விற்றுவிடுங்கள். கறிவேப்பிலையைத் தொட்டியில் எடுத்துப் போகலாம், தரையில் நிற்பதைப் பிடுங்கினால் பிழைப்பது அரிது. பக்கக் கன்று ஒன்றை இரண்டு மாதம் முன்பே தொட்டிக்கு மாற்றுங்கள்.

எத்தனை பெட்டி வேண்டும்? வாங்கத்தான் வேண்டுமா?

மூன்று அறை வீட்டுக்கு முப்பது முதல் நாற்பது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் இரண்டு வாரம் முன்பே சொல்லிவைத்தால் தருவார்கள். கெட்டிப்பால், மைலோ வந்த சிறிய பெட்டி தடிப்பானது, தட்டு முட்டுக்கும் புத்தகத்துக்கும் அது. மீ (நூடுல்ஸ்) பாக்கெட் வந்த பெரிய பெட்டி மெல்லியது, துணிக்கு மட்டும். ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அடி பிய்ந்துகொள்ளும். அடிப்பக்கத்தை டேப்பால் இருமுறை ஒட்டுங்கள். ஆறு சுருள் டேப் போதும், 48 மில்லிமீட்டர் அகலம். எவர்சில்வர் பாத்திரத்தை அரிசிச் சாக்கில் கட்டலாம். சாமி படக் கண்ணாடிகளை நிமிர்த்தி, துண்டு சுற்றி, காரில் வைத்துக்கொள்ளுங்கள். லோரியில் வேண்டாம்.

ஐஸ்பெட்டி, ஏர்கான், கேஸ் தோங்?

ஐஸ்பெட்டியை முதல் நாளே அணைத்து ஐஸை உருக்கி, நிமிர்ந்தபடியே ஏற்றுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். இறக்கியவுடன் சுவிட்சைத் தட்டினால் கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாமல் சுழன்று கெடும். நிமிர்த்தி வந்திருந்தால் சில மணி நேரம், படுத்து வந்திருந்தால் ஒரு முழு நாள் விட்டுச் சுவிட்சைத் தட்டுங்கள். முன்பக்கக் கதவுள்ள துணி துவைக்கும் இயந்திரத்துக்கு, வாங்கியபோது கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாமல் ஏற்றினால் டிரம் ஆடி உடையும்.

ஏர்கானைப் பெயர்ப்பது இரண்டு கூலி. கழற்ற ஒன்று, மாட்ட ஒன்று. செப்புக் குழாய் புதிதாக அடிக்கணக்கில் வாங்க வேண்டும், கேஸும் நிரப்ப வேண்டிவரும். பழைய இயந்திரத்துக்கு இந்த மொத்தம் ஒரு புது ஏர்கான் விலையைத் தொட்டுவிடும். கணக்குப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

கேஸ் தோங்கை மூடிய லோரியிலோ கார் பின்பெட்டியிலோ நெடுந்தூரம் கொண்டுபோகாதீர்கள். டெபாசிட் ரசீது இருந்தால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம், ரசீதைத் தேடி எடுங்கள். ஒரு நிறுவனத்தின் தோங்கை மற்ற நிறுவனக் கடையில் மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். உதவித்தொகை விலை கிலோவுக்கு 1.90, 14 கிலோ தோங் 26.60 வெள்ளி. வீடு கொண்டுவந்து தரும் கூலி தனி.

தோட்டத்து வேலையை விட்டு நிற்கிறோம். கடைசிச் சம்பளத்தை நம்பலாமா?

முறைப்படி நோட்டீஸ் கொடுத்திருந்தால் நம்பலாம். வேலை ஒப்பந்தத்தில் வேறு அளவு எழுதியிருக்காவிட்டால் 1955 வேலைச் சட்டப்படி இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்கு நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் ஆறு வாரம், ஐந்தாண்டுக்கு மேல் எட்டு வாரம் நோட்டீஸ். கொடுக்காமல் நின்றால் அத்தனை வாரச் சம்பளத்தை நீங்கள் நிர்வாகத்துக்குக் கட்ட நேரும். பத்தாண்டு வேலை செய்தவருக்கு அது ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம். லோரிக் கூலியைவிடப் பெரிய தொகை, ஆனால் யார் பட்ஜெட்டிலும் இருக்காது. நோட்டீஸ் முறைப்படி முடிந்தால் பாக்கிச் சம்பளத்தை வேலை முடியும் நாளுக்குள் தந்தாக வேண்டும்.

தோட்டக் கிராணியிடம் (எழுத்தரிடம்) தண்ணீர், மின்சாரம், கடன் பிடித்தம் எல்லாம் கழித்த கணக்கை ஒரு மாதம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புது வேலையில் சம்பளம், அந்த மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் வந்தால் சட்டப்படி சரி. மார்ச் 1இல் சேர்ந்தவருக்கு ஏப்ரல் 7 வரை காசு வராமல் போகலாம். முதல் சம்பளம்வரை 1,000 வெள்ளி தனியாக வைக்கச் சொல்வது இந்த 38 நாளுக்காக.

ஆடி மாதம் வருகிறது. வாடகை ஆகஸ்டு 1இல் தொடங்குகிறது. என்ன செய்வது?

ஆடி முடிய ஆகஸ்டு நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை பூட்டிய வீட்டுக்கு 900 வெள்ளியில் பாதி, 450 வெள்ளி போகும். ஒன்று, ஆவணி பிறக்கும் நாளிலிருந்து வாடகை தொடங்கும்படி முதலிலேயே பேசுங்கள். இல்லாவிட்டால் ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் சாவியை வாங்கி, உப்பு, மஞ்சள், அரிசி, குத்துவிளக்கு கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். சாமான் பிறகு போகலாம் என்று பெரியவர்கள் பலர் ஒத்துக்கொள்வார்கள். மார்கழிக்கும் இதே வழி. வாடகை வீட்டுக்கு ஹோமம் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். வைத்தால் ஐயர் தட்சணையும் சாப்பாட்டுச் செலவும் மேலே போட்ட கணக்கில் இல்லை.

இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா? கூட்டு (சீட்டு)? வட்டிக்கு வாங்கலாமா?

2024 மே 11 முதல் இ.பி.எஃப்.இல் மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. அதில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. ஆனால் மாதச் சந்தாவில் 10 விழுக்காடுதான் அதில் சேரும். 1,700 சம்பளத்துக்கு மாதம் 40 வெள்ளி போல, ஆண்டுக்கு 500ஐத் தொடாது. டேப்புக்கும் பள்ளிக்கும் ஆகும், டெபாசிட்டுக்கு ஆகாது.

கூட்டுப் பணத்தை முன்னதாக எடுத்து ஊர் மாறினால் மீதி மாதங்கள் கிள்ளானிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொகையை மாதச் செலவில் எழுதிவிட்டுப் பிறகு எடுங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடையில் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஏடிஎம் அட்டையைக் கேட்டாலே அது ஆலோங் (உரிமமில்லா வட்டிக்காரர்) கணக்கு, வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

பள்ளி மாற்றத்துக்குச் செலவு உண்டா?

மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் புதுப் பேட்ஜ், விளையாட்டுச் சட்டை, வேன். தோட்டத்துப் பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகள் புது இடத்தில் வேனில் போவார்கள். மூன்று பிள்ளைகளின் மாத வேன் கட்டணத்தை வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை 100 வெள்ளி கூடுதலான வீடு பல வேளைகளில் அதைவிட மலிவாக அமையும்.

வீட்டைப் பார்க்காமலே ‘டெபாசிட் அனுப்புங்கள்’ என்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். உள்ளே போய்ப் பார்த்து, வீட்டு வரி பில்லில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றா என்று சரிபாருங்கள். காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டால் மோசடிப் புகார் உள்ளதா என்று காட்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 997க்கு அழையுங்கள், நாளை என்று தள்ளினால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும்.

வாடகை டெபாசிட் முழுதாகத் திரும்ப வர என்ன செய்ய வேண்டும்?

வேலை முதல் நாளிலேயே தொடங்குகிறது. சாமான் இறங்குவதற்கு முன் காலி வீட்டை அறை அறையாகக் காணொளி எடுங்கள். சுவர் ஓட்டை, விரிசல் விட்ட ஓடு, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கட்டும். பழுதுகளை எழுதி வீட்டுக்காரருக்கு ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். சாமி மேடைக்கு ஆணி அடிக்க, சுடுநீர்க் கருவி மாட்ட அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சுடுநீர்க் கருவியை உரிமம் பெற்ற வயர்மேன் மாட்டட்டும், 10 மில்லியாம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் அதற்குக் கட்டாயம்.

கிளம்பும்போது ‘கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழிச்சுக்குங்க’ என்று சொல்லிவிட்டு நிற்காதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதை அனுமதிப்பதில்லை. மைகாட் (அடையாள அட்டை) முகவரியையும் குடிபோன 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் மாற்றிவிடுங்கள். மருத்துவமனை, வாக்காளர் பட்டியல், அரசாங்க உதவித்தொகைக் கடிதம் எல்லாம் அந்த முகவரியைத்தான் தேடும், இல்லாவிட்டால் தபால்காரர் காலியான லயத்து வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவார்.